எந்தப் படத்தைப் பார்ப்பது?



இரவு உணவு முடிந்து, பாத்திரங்கள் கழுவி வைக்கப்பட்டு, வீட்டார் எல்லாரும் ஓரிடத்தில் வந்து அமரும் வேளையில் இன்று பல இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. ‘எந்தப் படத்தைப் பார்ப்பது?’ என்பதே அது. கேட்பதற்கு மிக எளிய கேள்வி. ஆயினும் இதற்கு விடை காண்பதற்குள் அரை மணி நேரம் கழிந்துவிடுகிறது. ஆளுக்கொரு படத்தைச் சொல்வார்கள், ஒன்றைத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நிறுத்துவார்கள், வேறொன்றைத் தொடங்குவார்கள், கடைசியில் ஒன்றையும் முழுமையாகப் பாராமலே உறங்கப் போய்விடுவார்கள். இணைய வழியே வீட்டுக்கு வந்து சேரும் படங்களுள் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எப்படி, பார்த்த படத்தைப் பிறருக்குப் பயன்படும் வகையில் மதிப்பிட்டுச் சொல்வது எப்படி என்னும் இவ்விரண்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பொழுதுபோக்கைப் பற்றி இத்தனை விரிவாகப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். தமிழ்நாட்டில் வாழ்வோருக்கு அது வேண்டாமலிருக்கலாம். அங்கே தெருவில் இறங்கி நடந்தாலே தமிழ் காதில் விழும். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கோ நிலைமை வேறு. நான் வசிக்கும் கோவண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை ஹார்பர் லைனில் செம்பூருக்கும் மான்குர்டுக்கும் இடையே அமைந்த ஊர் இது. இங்கும், அடுத்துள்ள செம்பூரிலும், சற்றுத் தள்ளி டிராம்பேயில் உள்ள சீட்டா கேம்பிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 1976இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டுச் சதுப்பு நிலத்தில் குடியமர்த்தப்பட்ட மக்கள் உருவாக்கிய இடமே சீட்டா கேம்பு. அவர்களுள் தமிழர் பலர். இந்தப் பகுதித் தமிழர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழியினர் மிகுதி.

இக்குடும்பங்களின் குழந்தைகள் சந்தில் விளையாடும்போது பேசுவது இந்தி. கடையில் பேசுவது இந்தியும் மராத்தியும். பள்ளியில் படிப்பது பெரும்பாலும் ஆங்கிலம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. எனினும் பிழைப்பை முன்னிட்டு ஆங்கிலவழிப் பள்ளியை நாடும் பெற்றோர்களைக் குறை கூறுவதற்கில்லை. இதன் பயனாக, தாய் தமிழில் கேட்டால் பிள்ளை இந்தியில் விடை கூறும் காட்சியை வீட்டுக்கு வீடு காண்கிறோம். ஆச்சி சொல்லும் கதை பேரப்பிள்ளைக்குப் பாதிதான் விளங்குகின்றது. இத்தகைய பிள்ளைகளுக்குத் தாய் தந்தையரின் குரலைத் தவிர, வெளியிலிருந்து வந்து காதில் விழும் தமிழ் எது? பெரும்பாலும் திரைப்படத்தின் தமிழே. ஆகையால் நம் போன்றோர் வீட்டில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பது, பிள்ளைகள் செவியில் எத்தகைய தமிழ் விழ வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் ஆகும். இதனை மனத்தில் கொண்டே மேலே செல்வோம்.

இந்த நகரத்துக்கும் தமிழ்ப் படத்துக்கும் உள்ள உறவு பழமையானது. 1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது பம்பாய் வாட்சன் ஹோட்டலில்தான். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் பம்பாயில் இம்பீரியல் பிலிம் கம்பெனியை நடத்திய அர்தேஷிர் இரானி, இயக்கியவர் எச்.எம். ரெட்டி; கதாநாயகியாக நடித்தவர் டி.பி. ராஜலட்சுமி. அப்படம் எடுக்கப்பட்டதும் பம்பாயிலேயே. கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார். தமிழ்த் திரை முதன்முதல் வாய் திறந்தபோதே, பல மொழி பேசும் இந்நகரத்தில், பல மொழிகளின் நடுவே நின்றுதான் பேசிற்று என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

பின்னர் வந்த காலத்தில் இங்குள்ள தமிழருக்குப் படம் பார்ப்பது ஒரு பயணமாக இருந்தது. மாடுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகில் உள்ள அரோரா தியேட்டர் தமிழ்ப் படங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. கோவண்டியிலிருந்து புறப்படுவோர் குர்லாவில் வண்டி மாறி, மாடுங்காவில் இறங்கி நடக்க வேண்டும். அங்கே என்ன படம் ஓடுகிறதோ அதுவே நம் படம். 1980களில் தொலைக்காட்சி பரவியபோது, தூர்தர்ஷனில் ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படம் ஒன்று காட்டுவார்கள். ஒரு வாரம் வங்காளி, ஒரு வாரம் மலையாளம், ஒரு வாரம் அசாமியம் என்று முறை வரும். தமிழின் முறை எப்போது வரும் என்று காத்திருந்தவர்கள் நேயர்களில் பலர் இருப்பீர்கள். அக்காலத்தில் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையதாக இருக்கவில்லை. விநியோகஸ்தரும், தியேட்டர்காரரும், தொலைக்காட்சி அதிகாரியும் தேர்ந்தெடுத்தார்கள்; நாம் பார்த்தோம்.

அந்த நிலை இப்போது அடியோடு மாறிவிட்டது. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெட்பிளிக்ஸும் அவ்வாண்டின் இறுதியில் அமேசான் பிரைம் வீடியோவும் இந்தியாவில் தம் சேவையைத் தொடங்கின. இவற்றையும் இவை போன்ற பிறவற்றையும் ஓ.டி.டி. என்று இன்று பொதுவாக வழங்குகிறோம். 2020இல் பெருந்தொற்றின் காரணமாகத் திரையரங்குகள் மூடப்பட்டபோது, ‘பொன்மகள் வந்தாள்’ என்னும் படம் மே மாதம் 29ஆம் நாள் நேராக வீட்டுத் திரைக்கே வந்து சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் ‘சூரரைப் போற்று’ அதே வழியில் வந்தது. சென்னையில் வாழ்பவரும் கோவண்டியில் வாழ்பவரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஒரு புதுப் படத்தைப் பார்க்கும் வாய்ப்பு அப்போது உண்டாயிற்று. நம்மைப் போன்ற குடியேறிகளுக்கு இது சிறிய பேறு அன்று.

ஆனால் பஞ்சம் தீர்ந்த இடத்தில் வேறொரு தொல்லை முளைத்தது. நூற்றுக்கணக்கான படங்கள் வரிசையாக வந்து நிற்கும்போது, எதைப் பார்ப்பது என்று மனம் மயங்குகிறது. அந்த மயக்கத்தைத் தீர்ப்பதற்கென்று அந்நிறுவனங்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றன. ‘உங்களுக்கு இது பிடிக்கும்’ என்று கணினியே சிபாரிசு செய்கிறது. இந்தச் சிபாரிசு எவ்வாறு பிறக்கிறது என்று சற்றே பார்ப்போம்.

நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2006இல் ஒரு போட்டியை அறிவித்தது. இன்னாருக்கு இன்ன படம் எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் தன் கணிப்பு முறையைப் பத்து சதவீதம் மேம்படுத்தித் தருவோருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்பதே அந்த அறிவிப்பு. அறிஞர் குழுக்கள் பல முயன்றன. 2009இல் ஒரு குழு பரிசைப் பெற்றது. எனினும் வெற்றி பெற்ற அம்முறையை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை என்று அந்நிறுவனமே பின்னர் தெரிவித்தது. படத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடும் பழைய வழக்கத்தையும் 2017இல் அது கைவிட்டது. கட்டை விரலை மேலே காட்டினால் பிடித்தது, கீழே காட்டினால் பிடிக்கவில்லை என்ற அளவில் நம் அபிப்பிராயம் சுருக்கப்பட்டது. இன்று அக்கணிப்பு பெரிதும் நம் செயல்களையே உற்றுப் பார்க்கிறது. எந்தப் படத்தை முடிவு வரை பார்த்தோம், எதைப் பாதியில் விட்டோம், எந்த வேளையில் பார்த்தோம் என்பவற்றைக் குறித்துக்கொண்டு, நம்மைப் போலவே நடந்துகொண்ட பிறர் எதைப் பார்த்தார்களோ அதை நமக்கும் நீட்டுகிறது. ஒரே படத்துக்கு ஒருவருக்கு ஒரு முகப்புப் படமும், மற்றவருக்கு வேறொரு முகப்புப் படமும் காட்டும் உத்தியும் உண்டு.

இதில் வஞ்சகம் ஏதும் இருப்பதாக நான் கூறவில்லை. கடைக்காரர் வாடிக்கையாளரின் விருப்பம் அறிந்து சரக்கை எடுத்து வைப்பது இயல்புதானே? ஆனால் அந்தக் கணிப்பு அறிந்தது நேற்று நாம் பார்த்ததை மட்டுமே. நாளை நாம் எதைப் பார்க்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஒரு வீட்டில் ஒரே கணக்கில் தாத்தாவும் பேரனும் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேரன் இந்தியில் குரல் மாற்றிய சண்டைப் படங்கள் நான்கைப் பார்த்துவிட்டால், ஐந்தாவதும் ஆறாவதும் அத்தகையனவாகவே வந்து நிற்கும். தமிழ்ப் படமே ஆனாலும் இந்திக் குரலோடுதான் தொடங்கும். பிள்ளை தமிழிலிருந்து விலகுவது பிள்ளைக்கும் தெரியாது; பெற்றோருக்கும் தெரியாது. ஆகவே கணினியின் சிபாரிசை ஓர் அண்டை வீட்டாரின் யோசனையாகக் கொள்ளலாம். வீட்டுப் பெரியவரின் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

அப்படியானால் தேர்ந்தெடுப்பது எப்படி? நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதற்கேள்வி: இன்று யார் யார் சேர்ந்து அமர்ந்து பார்க்கப் போகிறோம்? தனியே பார்ப்பதற்குரிய படம் வேறு. மூன்று தலைமுறையினர் கூடிப் பார்ப்பதற்குரிய படம் வேறு. இதற்கு ஓரளவு வழிகாட்டி நமக்கு இருக்கிறது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, இணையத் திரையில் காட்டப்படும் ஒவ்வொன்றுக்கும் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வயது வகுத்துக் குறியிட வேண்டும். 13 வயதும் அதற்கு மேலும் குறித்தவற்றுக்குப் பெற்றோர் பூட்டு அமைத்துக்கொள்ளும் வசதியும் தரப்பட வேண்டும். படம் தொடங்குமுன் திரையின் ஓரத்தில் தோன்றும் இக்குறியைப் பலரும் கவனிப்பதில்லை. 2021 நவம்பரில் வெளிவந்த ‘ஜெய் பீம்’ மிகச் சிறந்த நோக்கம் கொண்ட படம். காவலில் நிகழ்ந்த கொடுமையை எதிர்த்து நீதிமன்றத்தில் நடந்த ஓர் உண்மையான வழக்கை அடிப்படையாகக் கொண்டது. எனினும் அது ஏ சான்று பெற்ற படம். அதிலுள்ள சித்திரவதைக் காட்சிகளைப் பத்து வயதுப் பிள்ளை தாங்காது. பிள்ளைகள் உறங்கியபின் பெரியோர் பார்க்க வேண்டிய படம் அது.

இரண்டாவது கேள்வி: இப்படம் யாருடைய தமிழைப் பேசுகிறது? தமிழ் என்பது ஒன்றே ஆயினும் அதன் வழக்குகள் பல. 2018இல் மாரி செல்வராஜ் இயக்கி வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ திருநெல்வேலிப் பேச்சைக் கொண்டது. நெல்லையை விட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்த பெரியவர்கள் அப்பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து அமர்வார்கள். சாதியின் கொடுமையையும் அவர்கள் அறியாதவர்கள் அல்லர். 2022இல் வெளிவந்த மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ மதுரைப் பக்கத்துக் கிராமத்தின் மொழியைக் கேட்கச் செய்கிறது. அதில் முதன்மைப் பாத்திரம் ஏற்ற முதியவர் நல்லாண்டி, தொழில்முறை நடிகர் அல்லர்; ஒரு விவசாயி. அப்படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், அவர் நடிப்பு சிறப்புக் குறிப்பும் பெற்றன. பேரப்பிள்ளைக்கு விளங்காத சொல்லை ஆச்சி விளக்க, அவ்விளக்கமே இன்னொரு கதையாக நீளும் வாய்ப்பை இத்தகைய படங்கள் தருகின்றன.

மூன்றாவது கேள்வி: மூலக் குரலோடு கேட்கிறோமா? இதனை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரிபவன். ஒரு மொழியில் சொன்னதை மற்றொரு மொழியில் சொல்லும்போது எது நிலைக்கிறது, எது உதிர்கிறது என்று பார்ப்பதே என் அன்றாடத் தொழில். திரையின் அடியில் ஓடும் வசன வரிகள் மிகக் குறுகிய இடத்தில், மிகக் குறுகிய நேரத்தில் படித்து முடிக்கத் தக்கவையாக அமைய வேண்டும். ஆகவே எழுதுபவர் சொற்களைக் குறைத்தே தீர வேண்டும். நீ, நீர், நீங்கள் என்னும் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். ஒரு பாத்திரம் கோபத்தில் ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு இறங்கும்போது, அந்த இறக்கம் ஆங்கில வரியில் தெரிவதில்லை. இந்தி வரியிலோ ஆப், தும், தூ என்ற மூன்று நிலைகள் இருப்பதால், திறமையுள்ளவர் எழுதினால் அது ஓரளவு தெரியும். உறவுமுறைச் சொற்களின் கதியோ இன்னும் இரங்கத்தக்கது. மதினி, கொழுந்தியாள், மச்சான், சகலை என்னும் வேறுபாடுகள் எல்லாம் மறைந்து, எல்லாரும் சகோதரர்களாகவும் நண்பர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். யாருக்கு யார் என்ன உறவு என்று தெரியாமல் தமிழ்க் குடும்பக் கதை எப்படி விளங்கும்?

ஆதலால் குரல் தமிழாகவே இருக்கட்டும். பிள்ளைக்கு வேண்டுமானால் கீழே இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரிகள் ஓடட்டும். காது தமிழைக் கேட்க, கண் பழகிய எழுத்தைப் படிக்க, இரண்டுக்கும் இடையே மனம் தானே பாலம் அமைத்துக்கொள்ளும். குரலையும் வரியையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளும் வசதி இச்சேவைகளில் இருக்கிறது. ஒரு முறை தேடிக் கற்றுக்கொண்டால் போதுமானது.

நான்காவது கேள்வி: இப்படம் நன்று என்று சொன்னவர் யார்? அவர் சொல்லை எதனால் நம்புகிறோம்? இங்கேதான் விமரிசனம் என்னும் பொருள் வருகிறது.

தமிழில் திரை விமரிசனம் புதியதன்று. கல்கி கிருஷ்ணமூர்த்தி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கலை விமரிசனம் எழுதி, எழுதும் முறைக்கே ஒரு சுவையை உண்டாக்கினார். பின்னாளில் அதே பத்திரிகை படங்களுக்கு மதிப்பெண் இடும் வழக்கத்தை மேற்கொண்டது. 1977இல் வெளிவந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ நூற்றுக்கு 62.5 பெற்றது. அதுவே பெரிய வெற்றியாக இன்றளவும் பேசப்படுகிறது. பள்ளிப் பரீட்சையில் அறுபத்திரண்டு வாங்கினால் முகம் சுளிக்கும் நாம், ஒரு படத்துக்கு அதே எண் கிடைத்ததைக் கொண்டாடினோம் என்றால், மதிப்பெண் இட்டவரின் கண்டிப்பில் நமக்கு நம்பிக்கை இருந்தது என்பதே பொருள்.

இன்று படம் வெளியான அன்றே, திரையரங்கு வாசலிலேயே, கைப்பேசி முன்னால் நின்று தீர்ப்புக் கூறுகிறார்கள். இவ்வழக்கம் பொறுக்காமல், புதுப் படங்களுக்கு முதல் மூன்று நாட்கள் இணையத்தில் விமரிசனம் வெளியிடுவதற்குத் தடை வேண்டும் என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று 2024இல் நீதிமன்றத்தை நாடிற்று. சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பர் மாதத்தில் அத்தகைய இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. அபிப்பிராயம் கூறும் உரிமை காக்கப்பட வேண்டியதே. ஆனால் வீட்டில் அமர்ந்து படம் பார்க்கும் நமக்கு இந்த முதல் நாள் ஆரவாரம் தேவையில்லை. நமக்குப் பொறுமை என்னும் செல்வம் இருக்கிறது. படம் வந்து ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்தபின், விளம்பரமும் சண்டையும் ஓய்ந்தபின், அமைதியாக எழுதப்பட்ட விமரிசனத்தைப் படித்துத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இச்சேவைகளில் படங்கள் ஒப்பந்தக் கால அளவின்படியே வைக்கப்படுகின்றன. இன்று இருக்கும் படம் நாளை எடுக்கப்பட்டுவிடலாம். வேறொரு நிறுவனத்துக்குப் போய்விடலாம். பார்க்க எண்ணியவற்றைக் குறித்து வைத்து, காலத்தில் பார்த்துவிடுவது நல்லது.

இனி நாமே மதிப்பிடுவது எப்படி என்று பார்ப்போம். படம் பார்த்த ஒவ்வொருவரும் ஒரு விமரிசகரே. பக்கத்து வீட்டுக்காரர், “நேற்று ஏதோ படம் பார்த்தீர்களாமே, எப்படி இருந்தது?” என்று கேட்டால், “பரவாயில்லை” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அல்லது கதை முழுவதையும் முடிவு உட்பட ஒப்பித்துவிடுகிறோம். முன்னது பயனற்றது, பின்னது அவருடைய இன்பத்தைப் பறிப்பது. இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. படம் எதைச் சொல்ல முயல்கிறது, அதில் எவ்வளவு வெற்றி பெறுகிறது, யாருக்கு ஏற்றது, எந்த இடம் நம் மனத்தைத் தொட்டது, ஏன் என்னும் இவற்றைச் சொன்னால் போதும்.

எடுத்துக்காட்டாக ‘காக்கா முட்டை’யைப் பற்றி ஒருவர் இப்படிச் சொல்லலாம்: “2015இல் திரைக்கு வந்த படம். மணிகண்டன் இயக்கியது. சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் இரு சிறுவர்கள், ரயில் பாதையில் சிந்தும் நிலக்கரியைப் பொறுக்கி விற்பவர்கள். அவர்கள் விளையாடிய இடத்தில் பீட்ஸாக் கடை ஒன்று எழுகிறது. அதை ஒரு முறை உண்டு பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் கதை. அழுகையைப் பிழிந்தெடுக்காமல், சிரிப்பினூடே வறுமையைக் காட்டுகிறது. பாட்டி தோசையின்மேல் காய்கறிகளை அடுக்கிப் பீட்ஸா செய்து தரும் இடம் ஒன்று போதும். குழந்தைகளோடு பார்க்கலாம், சென்னைப் பேச்சு என்பதால் நம் பிள்ளைகளுக்குச் சில சொற்கள் புரியாமல் போகலாம், விளக்கிச் சொல்லுங்கள்.” இது ஒரு நிமிடப் பேச்சு. கேட்பவர் தமக்கு ஏற்றதா என்று முடிவு செய்துகொள்வார். சிறந்த குழந்தைகள் படம் என்ற தேசிய விருது அதற்குக் கிடைத்ததைச் சொல்ல மறந்தாலும் குற்றமில்லை.

இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது மதிப்பிடும் ஆற்றலை விரைவில் வளர்க்கும். மும்பைத் தமிழரின் வாழ்வைச் சொல்லும் படங்களுள் 1987இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘நாயகன்’, 2018இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் ‘காலா’ என்னும் இரண்டையும் நாம் அறிவோம். இரண்டும் தாராவியைக் கதைக்களமாகக் கொண்டவை. இரண்டிலுமே தாராவியின் பெரும்பகுதி சென்னையில் அமைத்த அரங்குகளே. நாயகனுக்காகத் தோட்டா தரணி அமைத்த அரங்கு தேசிய விருது பெற்றது. முதற்படம், தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த சிறுவன் ஒருவன் ஊருக்குக் காவலனாகவும் சட்டத்துக்குப் பகைவனாகவும் வளர்வதைச் சொல்லி, அவன் நல்லவனா தீயவனா என்னும் ஐயத்தை நம்மிடம் விட்டுவிடுகிறது. இரண்டாவது, குடியிருக்கும் நிலம் யாருக்கு உரியது என்று கேட்கிறது. ஒரு மனிதரின் வீரத்தைக் காட்டிலும் ஒரு குடியிருப்பின் ஒற்றுமையை நம்புகிறது.

கலை நேர்த்தியில், படமாக்கிய அழகில், நடிப்பின் நுட்பத்தில் முதற்படமே உயர்ந்தது என்பது என் துணிபு. ஆனால் என் பகுதி மக்களின் அன்றாடக் கவலையை நெருங்கிச் செல்வது இரண்டாவதே. இடித்து அகற்றப்பட்டுச் சதுப்பில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இடத்தில், நிலம் பற்றிய கேள்வி வெறும் கதை ஆகாது. அப்படத்தில் ஈஸ்வரி ராவ் ஏற்ற செல்வி என்னும் மனைவி பேசும் நெல்லைத் தமிழும், அவளைச் சுற்றி மராத்தியும் இந்தியும் கலந்து ஒலிப்பதும் நம் சந்தின் ஓசையே. அதே நேரத்தில், நம் ஊரில் பிழைப்பவர்கள் எல்லாரும் தாதாக்களும் அவர்தம் அடியாட்களும் அல்லர். ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய் இரவில் திரும்பும் பெரும்பாலோரின் கதை இவ்விரண்டிலும் ஓரமாகவே நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். புகழ்ந்த படத்தில் குறையையும், குறை கூறிய படத்தில் நிறைவையும் காணப் பழகுவதே மதிப்பீட்டின் முதற்படி.

பிள்ளைகளுக்கும் இத்தகைய பயிற்சி தரலாம். சுதா கொங்கரா தமிழில் எடுத்த ‘சூரரைப் போற்று’வை அவரே 2024இல் ‘சர்பிரா’ என்று இந்தியில் எடுத்தார். மதுரைப் பக்கத்து இளைஞனின் கதை அதில் மராட்டிய இளைஞனின் கதையாயிற்று. நம் பிள்ளைகளுக்கு இரு மொழியும் தெரியும். இரு மண்ணும் ஓரளவு தெரியும். இரண்டையும் பார்த்து எது ஏன் மாறிற்று என்று சொல்லும் தகுதி, ஒரு மொழி மட்டும் அறிந்தவரைவிட அவர்களுக்கே மிகுதி. அவர்கள் பல மொழிகளுக்கிடையே வளர்வதைக் குறையென்றே எண்ணி வந்த நமக்கு, அது ஒரு வலிமையும் ஆகும் என்பது அப்போது விளங்கும்.

பொறுமை சற்றே மிகுந்தவர்களுக்கு வேறொரு வகைப் படத்தையும் சொல்லி வைக்கிறேன். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலிப் பரிசு என்னும் உயரிய விருதைப் பெற்றது. வறண்ட நிலத்தில் ஒரு தந்தையும் மகனும் நடக்கிறார்கள். பேச்சு மிகக் குறைவு. படத்தின் நீளமும் ஒன்றேகால் மணிக்கு மிகாது. பாட்டும் சண்டையும் எதிர்பார்ப்போருக்கு ஏமாற்றமே. ஆனால் நம் முன்னோர் எதை விட்டு இங்கே வந்தார்கள் என்று அறிய விரும்பும் இளைஞருக்கு, அந்த வெயில் நிறையச் சொல்லும்.

முடிவாக ஒரு சிறு யோசனை. வாரத்துக்கு ஒரு படம் போதும். அதை முன்கூட்டியே, வெள்ளிக்கிழமையன்றே, வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வாரம் பெரியவர்கள், ஒரு வாரம் பிள்ளைகள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். படம் முடிந்ததும் உடனே அடுத்ததற்குத் தாவாமல், பதினைந்து நிமிடம் தமிழில் பேசுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, படத்தின் பெயர், நாள், பார்த்தவர்கள், ஒவ்வொருவரும் சொன்ன ஒரு வாக்கியம் என்று எழுதி வையுங்கள். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை வாயால் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும். சில மாதங்களில் அப்பிள்ளையே எழுத்துக் கூட்டித் தன் வாக்கியத்தைத் தேடிப் படிக்க விரும்பும். அடுத்த வீட்டார் ‘எந்தப் படத்தைப் பார்ப்பது?’ என்று கேட்டால், அந்த நோட்டுப் புத்தகத்தையே கொடுக்கலாம். எந்தக் கணினியின் சிபாரிசைக் காட்டிலும் அது நம்பத்தக்கது. ஏனெனில் அதை எழுதியவர்களை அவருக்குத் தெரியும்.

கணினி நமக்குப் பிடித்ததைத் தேடித் தருகிறது, தரட்டும். நமக்கு எது பிடிக்க வேண்டும், நம் பிள்ளைகள் எதைக் கேட்டு வளர வேண்டும் என்பதை மட்டும் நாமே கூடி முடிவு செய்வோமாக.